ஏப்ரல் 5-ல் கொடி குத்தினால் போதுமா? மெர்ச்சன்ட் நேவிக்காரர்களுக்கு நாம் தரும் மரியாதை

உப்புக்காற்று (இழையைத் தொடங்கியவர்):

மார்ச் கடைசி வந்தால் டெல்லியில் பிரதமரின் சட்டையில் மெர்ச்சன்ட் நேவி (வணிகக் கப்பல் துறை) கொடியைக் குத்துவார்கள், பேப்பரில் படம் வரும். ஏப்ரல் 5 அன்று தேசியக் கடல்சார் தினம் என்று துறைமுகங்களில் ஒரு கூட்டம், சால்வை, டிபன், அதோடு சரி. ஏன் ஏப்ரல் 5 என்றால், 1919-ல் அன்றைக்குத்தான் சிந்தியா கம்பெனியின் எஸ்.எஸ். லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் கையில் வைத்திருந்த வழியில் இந்தியர் கப்பல் ஒன்று போனது பெரிய விஷயம்தான், 1964 முதல் கொண்டாடுகிறோம், கொண்டாடட்டும். ஆனால் கப்பலின் பெயர் தெரிகிறது, வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி என்று முதலாளிகளின் பெயர் தெரிகிறது, பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

நான் எஞ்சின் ரூமில் வேலை பார்ப்பவன், இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது "நேவியா?" என்பார்கள், "மெர்ச்சன்ட் நேவி" என்றால் "அப்போ துப்பாக்கி எல்லாம் கிடையாதா" என்று முகம் வாடிவிடும். நம் நாட்டு வெளிநாட்டு வணிகத்தில் எடைக் கணக்கில் சுமார் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் போய் வருகிறது. வண்டிக்குப் போடும் பெட்ரோலுக்கான கச்சா எண்ணெய், வயலுக்குப் போடும் உரம், கடையில் வாங்கும் பாமாயில் எல்லாம் எவனோ ஒருத்தன் ராத்திரி வாட்ச் பார்த்துக் கொண்டு வந்தது. போர் வந்தால் அதே கப்பல்தான் குண்டும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு போகும், எதிரி முதலில் அடிப்பதும் அதைத்தான். இரண்டாம் உலகப் போரில் மட்டும் சரக்குக் கப்பல்களில் 6,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் செத்திருக்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறதா? என்ன நினைக்கிறீர்கள், சொல்லுங்கள்.

மதுரை மணி:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் ராணுவத்தோடு ஒப்பிடுவது கொஞ்சம் ஓவர். டாலரில் சம்பளம், வருஷத்தில் பாதி நாள் வீட்டில் லீவு, இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாகத்தான் இருந்தேன் என்று கணக்கு காட்டி இங்கே வரியும் கட்டுவதில்லை. என் தெருவில் ஒரு சீஃப் எஞ்சினியர் மூன்று மாடி கட்டியிருக்கிறார். சம்பளத்துக்குப் போகிற வேலைக்கு எதற்குச் சிலை? அப்படிப் பார்த்தால் லாரி டிரைவருக்கும் வைக்க வேண்டும்.

பழைய காகிதம்:

மணி சார், லாரி டிரைவருக்கும் வைக்கலாம், அது வேறு இழை. டாலர் சம்பளம் இன்றைய கதை. உப்புக்காற்று சொன்ன அந்த 6,000 பேர் வாங்கிய சம்பளத்தைக் கேளுங்கள். லாஸ்கர் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிக்கு 1939-ல் கிடைத்தது, அதே கப்பலில் அதே வேலை பார்த்த வெள்ளைக்காரனின் சம்பளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. படுக்கும் இடமும் குறைவு, சாப்பாடும் குறைவு. போர் தொடங்கியதும் "இந்தச் சம்பளத்துக்கு டார்பிடோ அடி வாங்க முடியாது" என்று லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா வரைக்கும் துறைமுகத் துறைமுகமாக வேலை நிறுத்தம் செய்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களை ஜெயிலில் போட்டார்கள், அதற்குப் பிறகுதான் சம்பளம் கொஞ்சம் ஏறியது. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் அன்றைக்குக் கால் பங்குக்காரர்கள் இந்தியர்கள். இவர்கள் கப்பலில் ஏறாவிட்டால் இங்கிலாந்துக்குக் கோதுமையும் இல்லை, எண்ணெயும் இல்லை.

இன்னொன்று, இவர்களில் பெரும்பாலோர் கப்பலின் அடியில் இருந்தவர்கள். கரி தள்ளுகிறவர், நெருப்புப் போடுகிறவர், எண்ணெய் விடுகிறவர். நீர்மூழ்கிக்காரன் குறி வைப்பது எஞ்சின் ரூமைத்தான், ஏனென்றால் அங்கே அடித்தால் கப்பல் நின்றுவிடும், தண்ணீரும் வேகமாக ஏறும். மேலே ஏணியில் ஏறி வருவதற்குள் முடிந்துவிடும். மேல்தட்டில் இருந்தவருக்குக் கிடைத்த ஐந்து நிமிடம் கீழே இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. பத்திரமாகப் படகில் ஏறியவர்களையும் வட அட்லாண்டிக் குளிர் கொன்றது.

சிட்டி ஆஃப் பெனாரஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1940 செப்டம்பர் 17 இரவு மூழ்கடிக்கப்பட்டது. லண்டன் குண்டுவீச்சுக்குப் பயந்து கனடாவுக்கு அனுப்பிய 90 குழந்தைகளில் 77 பேர் செத்தார்கள், உலகமே அழுதது, அழ வேண்டியதுதான். அதே கப்பலில் நூறு இந்திய மாலுமிகளுக்கு மேல் செத்தார்கள். ஒரு லைஃப்போட் மட்டும் தனியாகப் பிரிந்து எட்டு நாள் கடலில் மிதந்தது. ஆறு பையன்கள் உட்பட அதில் இருந்தவர்கள் 46 பேர், பெரும்பாலோர் லாஸ்கர்கள். கதை சொல்கிறவர்கள் பையன்களையும் வெள்ளை ஆபீசர்களையும் பெயர் பெயராகச் சொல்வார்கள், மற்றவர்களை "இந்திய மாலுமிகள்" என்று மொத்தமாக முடித்துவிடுவார்கள்.

தோணிக்காரர் பேரன்:

தூத்துக்குடிக்காரன் வந்து வ.உ.சி. பெயரைச் சொல்லாமல் போனால் ஊரில் சேர்க்க மாட்டார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். லாயல்டி கிளம்பியது 1919. அதற்கு 13 வருடம் முன்னாலேயே, 1906-ல், இங்கே சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாகிவிட்டது. 25 ரூபாய்ப் பங்கு 40,000, மொத்தம் 10 லட்சம் மூலதனம். கலியா, லாவோ என்ற அதன் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. எதிர்க் கம்பெனிக்காரன் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தான் என்ற கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள், கம்பெனி அதோடு படுத்தது.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, உப்புக்காற்று கேட்ட கேள்வியை எங்கள் ஊருக்கும் கேட்கிறேன். துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் வைத்தாயிற்று, சிலை இருக்கிறது, பிறந்த நாளுக்கு மாலை போடுகிறோம். கலியாவில் வேலை பார்த்த மாலுமிகள் யார், கம்பெனி மூழ்கியதும் அவர்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள், யாராவது எழுதி வைத்தோமா?

தோணி விஷயமும் இதில் வர வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் இப்போதும் மாலத்தீவுக்குக் காய்கறி, செங்கல், சிமெண்ட், ஜல்லி ஏற்றிக்கொண்டு போகின்றன. அந்தத் தீவுகளில் நிற்கும் கட்டடங்களில் எங்கள் தண்டல்களின் (தோணித் தலைவர்களின்) வியர்வை இருக்கிறது. தென்மேற்குக் காற்று காலத்தில் ஓட முடியாது, அந்த மாதங்களில் வருமானம் பூஜ்யம். பெரிய கப்பல்காரர்களுக்காவது ஒரு தினம் இருக்கிறது, இவர்களை அந்தக் கூட்டத்துக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

வல்வைப் பக்கம்:

அண்ணை, தோணி எண்டு வந்தபடியால் எங்கட பக்கத்தையும் சொல்ல வேணும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்க, எங்கட ஊர் ஆட்கள் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓட்டிக்கொண்டு போனவை. 1938-ல் போய்ச் சேர்ந்தது. பேர் மாற்றி புளோரன்ஸ் சி. ராபின்சன் ஆக்கிப்போட்டினம். எஞ்சின் பலம் பெரிதாக இல்லாத மரக்கப்பலில் அந்தத் தூரம்! ஊரில் நினைவு வைத்திருக்கினம், வெளியில் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

மட்டுறுத்துநர்:

அருமையான தகவல். ஆனால் மரக்கலக் கட்டுமானத்துக்குத் தனி இழை இருக்கிறது, சோழர் கப்பல்படையை இங்கே கொண்டுவரப் போகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்த இழை கப்பலில் வேலை பார்த்தவர்களைப் பற்றியது.

ஓய்வுபெற்ற ரேடியோ ஆபீசர்:

"துப்பாக்கி கிடையாதா" என்று கேட்டவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். 1942 நவம்பர் 11. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பல், துணைக்கு நம் ராயல் இந்தியன் நேவியின் பெங்கால் என்ற சின்னஞ்சிறு கண்ணிவாரிக் கப்பல் (கடலில் போட்ட வெடிகளை அகற்றுவது). எதிரே ஜப்பானின் ஹோகோக்கு மாரு, ஐகோக்கு மாரு, இரண்டும் பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட ஆயுதம் தாங்கிய கப்பல்கள். பெங்கால் ஓடியிருக்கலாம், ஓடாமல் நேரே எதிரியைப் பார்த்துப் போனது. ஒண்டினாவின் பின்பக்கம் ஒரே ஒரு நாலு அங்குலப் பீரங்கி, குண்டுகளும் கொஞ்சம்தான். சண்டையில் ஹோகோக்கு மாரு தீப்பிடித்து வெடித்து மூழ்கியது! ஒண்டினாவின் கேப்டன் செத்தார், மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் படகில் இறங்க, படகுகளின் மேலும் ஜப்பான்காரன் சுட்டான். அவன் போன பிறகு மிச்சம் இருந்தவர்கள் திரும்பக் கப்பலில் ஏறித் தீயை அணைத்து, எஞ்சினை உயிர்ப்பித்து ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமான்டில் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. சண்டை போடுவது ஒரு தைரியம், எரிகிற எண்ணெய்க் கப்பலில் திரும்ப ஏறுவது இன்னொரு தைரியம்.

சென்னைக்காரர்களுக்கு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தெரியும், 1914 செப்டம்பர் 22 இரவு எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அந்த எம்டனின் முழுநேர வேலையே வணிகக் கப்பல்களைப் பிடிப்பதுதான், இந்தியப் பெருங்கடலில் 20-க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தது. கேப்டன் முல்லர் மாலுமிகளை இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார். அடுத்த போரில் அந்த மரியாதையும் போய்விட்டது.

பழைய காகிதம்:

நினைவுச்சின்னமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், இருக்கிறது, நாம்தான் போவதில்லை. கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில், பிரின்செப் காட் பக்கத்தில், லாஸ்கர் நினைவுத்தூண் இருக்கிறது. முதல் உலகப் போரில் செத்த வங்காள, அஸ்ஸாம் மாலுமிகள் 896 பேருக்காக, 1924-ல் திறந்தது. மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் மாலுமிகள் இல்லத்தில் முதல் போரின் 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவிடம். இரண்டாம் போருக்கு ஒரு பெயர்ப் புத்தகம், ஒரு பிரதி மும்பையில், இன்னொன்று வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையில். கவனியுங்கள், புத்தகம். லண்டன் டவர் ஹில்லில் பிரிட்டிஷ் வணிக மாலுமிகளின் பெயர்கள் வெண்கலத்தில் கப்பல் கப்பலாக வரிசையாக இருக்கின்றன, போகிற வருகிறவர் எல்லாம் நின்று படிக்கலாம். அதே கப்பலில் செத்த இந்தியரின் பெயர் பெரும்பாலும் அங்கே இருக்காது.

டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் முப்படையினரின் பெயர்கள். மெர்ச்சன்ட் நேவிக்கு அங்கே இடமில்லை.

நாகர்கோவில் ராணி:

நான் கப்பல்காரர் வீட்டுப் பெண். 1942 பெரிய விஷயம்தான், ஆனால் எனக்குச் சிலை வேண்டாம் அண்ணா, போன் எடுத்தால் போதும். 2020 கொரோனா காலத்தில் என் வீட்டுக்காரர் ஒப்பந்தம் முடிந்தும் மாதக்கணக்கில் இறங்க முடியாமல் கப்பலிலேயே இருந்தார். எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லை. அவரை அனுப்பிய ஏஜென்ட் அலுவலகத்துக்கு நான் போன் செய்தால் "மேடம், எல்லாருக்கும் இதே நிலைமைதான்" என்று வைத்துவிடுவார்கள். உண்மைதான், அந்த வருடக் கடைசியில் உலகம் முழுக்க நாலு லட்சம் பேர் அப்படி மாட்டியிருந்தார்கள். ஜக் ஆனந்த் கப்பலின் 23 இந்தியர்கள் ஆஸ்திரேலிய நிலக்கரியோடு சீனத் துறைமுகத்துக்கு வெளியே ஜூனிலிருந்து நங்கூரம் போட்டு நின்றார்கள். சரக்கை இறக்கவும் விடவில்லை, ஆளை மாற்றவும் விடவில்லை. இரண்டு அரசுகளின் வர்த்தகச் சண்டைக்கு நடுவில் 23 குடும்பம். 2021 ஜனவரியில்தான் ஜப்பானுக்குப் போய் ஆள் மாற்ற முடிந்தது. அந்த நேரத்தில்தான் டிவியில் முன்களப் பணியாளர்களுக்குத் தட்டில் தாளம் போட்ட காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடற்கொள்ளை பற்றி யாருமே பேசவில்லையே. ஆஸ்பால்ட் வென்ச்சர் கப்பலை 2010 செப்டம்பரில் சோமாலியர்கள் பிடித்தார்கள். பணம் கொடுத்து 2011-ல் கப்பல் வந்துவிட்டது, ஏழு இந்தியர்களை மட்டும் கரைக்கு இறக்கி வைத்துக்கொண்டார்கள். இந்தியா எங்கள் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறது, அதற்குப் பதில் இவர்கள் என்றார்கள். அந்த ஏழு பேர் திரும்பி வந்தது 2014 அக்டோபர் கடைசியில். நாட்டுக்காக மாட்டிக்கொண்டவர்கள் என்று இவர்களைச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

மதுரை மணி:

ராணி அக்கா, நீங்கள் சொல்வது கஷ்டம்தான். ஆனால் என் கேள்வி இப்போது வேறு. யார் மரியாதை செய்ய வேண்டும்? கப்பல் முதலாளி கிரேக்கன், கொடி பனாமா, சரக்கு சீனாவுடையது, மாலுமி தூத்துக்குடி. ராணுவ வீரன் நம் கொடியின் கீழ் நிற்கிறான், அதனால் அரசு பென்ஷன் தருகிறது. பனாமாக் கொடிக் கப்பலில் சம்பளம் வாங்கியவருக்கு நம் வரிப்பணத்தில் எதற்கு?

உப்புக்காற்று:

இந்த இழையிலேயே சரியான கேள்வி இது. கொடி ஒரு நாட்டுடையது, ஆள் இன்னொரு நாட்டான் என்ற ஏற்பாடு எதற்கு வந்தது? யாருக்கும் பொறுப்பு வரக்கூடாது என்றுதான் வந்தது. அந்தச் சௌகரியத்தை முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, அதையே காரணமாக மாலுமியிடம் காட்டினால் எப்படி?

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தை இடித்த டாலி கப்பலைப் பாருங்கள். சிங்கப்பூர்க் கொடி. கப்பலில் 20 இந்தியர்கள், ஒரு இலங்கைக்காரர். கப்பலில் மின்சாரம் போனதும் அபாய அழைப்பு போனதால்தான் போலீஸ் பாலத்தின் மேல் வண்டிகளை நிறுத்த முடிந்தது, இல்லாவிட்டால் பாலத்தில் வேலை பார்த்துச் செத்த ஆறு பேரோடு போயிருக்காது. ஆனால் முதல் நாளே நம் ஆட்களை அரைக்கோவணத்தோடு தண்ணீரில் நிற்பது போல வரைந்து ஒரு கேவலமான கேலிப்படம் பரவியது. கப்பல்காரர்களை விசாரணை என்று மாதக்கணக்கில் இறங்க விடவில்லை, போன்களை வாங்கிக்கொண்டார்கள், கப்பல் மேல் கிடந்த பாலத் துண்டை வெடி வைத்துத் தகர்த்தபோதும் உள்ளேதான் இருந்தார்கள். அப்போது அவர்களுக்காகப் பேச சிங்கப்பூரா வரும்?

பென்ஷன் நான் கேட்கவில்லை மணி. கைவிடப்படும் கப்பல்களில் மாட்டுகிற மாலுமிகளில் கடந்த சில வருடங்களாக இந்தியர்களே அதிகம். முதலாளி கடன்பட்டு ஓடிவிடுவான், கப்பல் ஏதோ ஒரு வளைகுடாத் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும், சம்பளம் வராது, டீசல் தீர்ந்தால் ஏசியும் ஃப்ரிட்ஜும் நிற்கும், கப்பலை அநாதையாக விட முடியாது என்று ஆளையும் இறங்க விட மாட்டார்கள். 2006-ல் ஏற்படுத்திய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றாயிற்று, அதன்படி காப்பீட்டுக்காரன் சம்பளமும் டிக்கெட்டும் தர வேண்டும். காகிதத்தில் இருப்பதை நடத்திக் காட்ட நம் தூதரகம் ஓர் ஆளை ஒதுக்கினால் அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு வேண்டாம்.

இன்னொன்று. ராணுவத்தில் இருப்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு. கடலில் இருக்கிற எனக்குக் கிடையாது. தேர்தல் நாளன்று நான் சூயஸில் இருந்தால் என் ஓட்டு போயிற்று.

ஓய்வுபெற்ற ரேடியோ ஆபீசர்:

மற்ற நாட்டுக்காரர்கள் உடனே செய்துவிட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் போர்க் காலத்தில் லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பல்களை ஓட்டியவர்களைப் போர் வீரர்களாகக் கணக்கில் எடுத்தது 1988-ல், அதுவும் கோர்ட்டுக்குப் போய். போர் முடிந்து 43 வருடம். படிப்பு உதவியும் வீட்டுக் கடனும் தேவைப்பட்ட வயசில் கிடைக்கவில்லை, பாதிப் பேர் போய்ச் சேர்ந்த பிறகு சர்டிபிகேட் வந்தது. காங்கிரஸ் தங்கப் பதக்கச் சட்டம் 2020-ல்.

இங்கிலாந்திலோ, கப்பல் மூழ்கினால் அன்றோடு சம்பளம் கட், லைஃப்போட்டில் கிடந்த நாளுக்குக் காசு கிடையாது என்ற வழக்கம் 1941 மே வரைக்கும் இருந்தது. லீவில் சாதாரண உடுப்பில் தெருவில் போனால் "இளவட்டம், சண்டைக்குப் போகாமல் சுற்றுகிறான்" என்று திட்டுவார்கள். அதற்காகத்தான் எம்.என். என்று எழுதிய வெள்ளிச் சின்னம் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்தார்கள். இப்போது செப்டம்பர் 3-ஐ மெர்ச்சன்ட் நேவி தினமாக வைத்திருக்கிறார்கள், 1939-ல் போர் அறிவித்த அன்றே அதீனியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்த நாள். நம் ஏப்ரல் 5 கம்பெனியின் நாள். அவர்களுடையது கப்பலோடு போனவர்களின் நாள். எனக்கு அவர்களின் தேர்வு பிடித்திருக்கிறது.

தோணிக்காரர் பேரன்:

தபால் ஓட்டு மேட்டர் நல்லது, இதை மனுவாக எழுதி நம் எம்.பி.க்குக் கொடுக்கலாம். தூத்துக்குடி, கன்னியாகுமரி, நாகை மூன்று தொகுதியிலும் கப்பல்காரர் வீடுகள் நிறைய. உப்புக்காற்று அண்ணன் வரைவு எழுதினால் கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன்.

பிளஸ் டூ பையன்:

அண்ணா, இதையெல்லாம் படித்த பிறகும் எனக்குக் கப்பலுக்குப் போக ஆசையாக இருக்கிறது. ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார், ஆறு மாதத்தில் கப்பலில் ஏற்றிவிடுவேன் என்கிறார். நம்பலாமா?

உப்புக்காற்று:

தம்பி, பணத்தைக் கொடுத்துவிடாதே. வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு வாங்கவே கூடாது, அதுதான் சட்டம். ஆள் எடுக்கும் கம்பெனிக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும், இயக்குநரகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, அந்த ஆளிடம் எண்ணைக் கேள். எண் சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடு. படிப்பு என்றால் சென்னையில் இருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுது, கண் பரிசோதனையை முதலில் முடித்துக்கொள், நிறக்குருடு இருந்தால் பிறகு அழுது பயனில்லை. அந்த ஏஜென்ட் ஏதாவது காகிதம் காட்டினால் பெயர், முகவரியை மறைத்துவிட்டு இங்கே போடு, ரேடியோ ஆபீசர் ஐயாவும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.